வராதவர்கள் விழும் கண்ணாடி

கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்தவர்கள், கல்யாண ஆல்பத்தில் மட்டும் தவறாமல் வந்து உட்கார்ந்த காலம் ஒன்று சாலைக்குறிச்சியில் உண்டு; நம்பாதவர்கள் எங்கள் ஊருக்கு வந்து எந்த வீட்டுப் பீரோவையும் திறந்து ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்கலாம், காப்பியும் தருவோம், ஆனால் முன்வரிசையில் லுங்கியோடு இருப்பது யார் என்று மட்டும் சத்தமாகக் கேட்கக் கூடாது, அந்த விஷயத்தில் இன்னும் சிலருக்கு வருத்தம் இருக்கிறது.

எல்லாம் ஒரு வளைகாப்பில் ஆரம்பித்தது. எங்கள் ஊரின் ஒரே போட்டோகிராபர் இசக்கியப்பன், பாயச அண்டாவை மேலிருந்து எடுத்தால் அழகாக இருக்கும் என்று ஸ்டூலில் ஏறிக் குனிந்தபோது, லென்சுக்கு முன்னால் திருகி மாட்டியிருந்த பில்டர் கண்ணாடி தளர்ந்து அண்டாவுக்குள் விழுந்தது. லென்சில் தூசியும் கீறலும் படாமல் காக்கிற வட்டக் கண்ணாடி அது, நல்ல சரக்கு, பல வருஷம் உழைத்தது. சமையல் செய்கிற தவசிப்பிள்ளை மாசானம் அகப்பையால் துழாவி எடுத்துக் கொடுத்தபோது அது விரிசல் விட்டிருந்தது, பாயசத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சாதித்தார். மறுநாள் திருநெல்வேலிக்கு எதற்கோ போன இசக்கியப்பன், ஜங்ஷன் பக்கத்துப் பிளாட்பாரத்தில் செல்போன் கவருக்கும் தலைக்கிளிப்புக்கும் நடுவே சாக்கு விரிப்பில் கிடந்த ஒரு பில்டரைப் பார்த்தார். கண்ணாடிதானே, கண்ணாடிக்கு என்ன சாதி இருக்கிறது என்று சொல்லி வாங்கி வந்து மாட்டினார். சும்மா கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இவர் காசு கொடுத்து வாங்கியதையும் பார்க்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் மண்டிக்கார வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா நல்லபெருமாள், பத்திரிகையில் தன் பெயரைத் தம்பி பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, மண்டபம் இருக்கும் தெருவுக்கே போக மாட்டேன் என்று சபதம் போட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆனால் படங்களைப் பிரிண்ட் போட்டபோது தாலி கட்டும் படத்தில் முன்வரிசையின் நடு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், இடுப்பில் கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, பாதி முகத்தில் சவர சோப்பு. கன்னத்தில் மண்டபத்து விளக்கின் வெளிச்சம்கூடச் சரியாக விழுந்திருந்தது.

யாரும் மயங்கி விழவில்லை, யாரும் மந்திரவாதியைத் தேடவில்லை. மண்டிக்காரர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வந்தது வந்தாரு, ஒரு வேட்டியக் கட்டிட்டு வந்திருக்கலாம்லா" என்று மட்டும் வருத்தப்பட்டார். சேதி கேட்டு நல்லபெருமாள் குடையை ஊன்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"நான் அந்த மண்டபத்து வாசப்படிய மிதிக்கல வே. எப்படி என்னைய அங்க உக்கார வச்சீரு?"

"மிதிக்கல அண்ணாச்சி, நான் இல்லைங்கலயே. படத்துலயும் பாருங்க, ஒங்க கால் தரையில படல. முன்னால தாம்பாளம் மறைச்சிருக்கு."

நல்லபெருமாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சபதமும் கெடவில்லை, நடு நாற்காலியும் போகவில்லை. "எனக்கொண்ணு பெருசாப் போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும், காதுகுத்திலும், புது வீட்டுப் பால்காய்ப்பிலும் இப்படியே விழுந்துகொண்டிருந்தது, ஊரும் மெல்ல மெல்ல அந்தக் கண்ணாடியின் நியாயத்தைப் புரிந்துகொண்டது. வெளிநாட்டில் வேலை என்று வராதவர்கள் படத்தில் விழவில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் விழவில்லை, மறந்துபோனவர்களும் விழவில்லை. வர வேண்டிய முறையில் இருந்தும் வீம்புக்கு வராமல் இருந்தவர்கள் மட்டுமே, அந்த நேரத்தில் வீட்டில் எப்படி இருந்தார்களோ அப்படியே, கையில் டிவி ரிமோட்டோ வாயில் இட்லியோ அப்படியே விழுந்தார்கள். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிய ஒரு சித்தி மூன்றாம் வரிசையில் முறுக்கு தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, அது காய்ச்சல் இல்லை என்று எல்லோரும் தெரிந்துகொண்டோம்.

மனுசன் எதற்கும் பழகிக்கொள்வான், அதிலும் சாலைக்குறிச்சிக்காரன் அடுத்த வாரமே பழகிக்கொள்வான். எப்படியும் படத்தில் விழத்தான் போகிறோம் என்று தெரிந்தபின் லுங்கியோடு விழுவானேன் என்று, கோபித்துக்கொண்டவர்கள் முகூர்த்த நாளில் விடியவே குளித்துப் பட்டுக் கட்டி நகை போட்டு, முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மண்டபம் இருக்கிற திசையைப் பார்த்துக் கோபமாக உட்காரத் தொடங்கினார்கள். வீட்டில் உட்கார்ந்து கோபப்படுவதற்குக் காஞ்சிப் பட்டு அதிகமா, காட்டன் பட்டு போதுமா என்று பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். முகூர்த்த நேரத்தில் எங்கள் தெருக்களில் நடந்து போனால், வீட்டுக்கு வீடு சென்ட் வாசனையோடு ஒருவர் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம், கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள், ஆல்பத்தில் கழுத்து கோணலாக விழுந்துவிடும் என்ற பயம்.

இதில் லாபம் பார்த்தவர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள். கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாய்த் தாம்பாளத்தோடு நேரில் போக வேண்டும், உட்கார வேண்டும், தண்ணீராவது குடிக்க வேண்டும், அந்த வீட்டில் யார் மூத்தவரோ அவர் கையில் பத்திரிகையைக் கொடுக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் முறைப்புதான். முறைத்துக்கொண்டவனுக்கு இலை போட வேண்டியதில்லை, அவன் ஆல்பத்தில் மட்டும் அழகாக வருவான் என்று தெரிந்தபின், சிலர் வேண்டுமென்றே பத்திரிகையைக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக வீசிவிட்டு வந்தார்கள். அப்படியும் கோபப்படாத சாதுக்களிடம், "நீங்க வந்தாலும் ஒண்ணுதான் வராட்டாலும் ஒண்ணுதான்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கோபத்தை ஊட்டினார்கள். வெயிலில் பஸ் பிடித்துப் போக அலுப்புப்பட்டவர்களோ தாங்களே முன்கூட்டி ஒரு சண்டையை இழுத்து வைத்துக்கொண்டார்கள். அண்டாவின் அளவு குறையக் குறைய மாசானம் தலையில் கையை வைத்துக்கொண்டார். "சாம்பார் வைக்கச் சொல்லுதானுவளா, ரசம் தாளிக்கச் சொல்லுதானுவளான்னே தெரியல, கரண்டி அளவுல கேக்கானுவோ" என்றார்.

கடைசியில் ஒரு கல்யாணத்தில் ஐயரும் நாயனக்காரர்களும் பெண்ணும் மாப்பிள்ளையும் பெற்றவர்களும் தவிர மண்டபத்தில் ஒருவரும் இல்லை, காலி நாற்காலிகளில் மின்விசிறிக் காற்று மட்டும் உட்கார்ந்திருந்தது. அட்சதை போட ஆளில்லாமல் இசக்கியப்பனே ஒரு கையால் அரிசியை வீசி மறு கையால் கிளிக் செய்தார். ஆல்பத்தில் பார்த்தால் நிற்க இடமில்லாத கூட்டம். அந்தப் பெண் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேரு வந்தாங்களா?" என்று கேட்டாளாம்.

இந்தச் சமயத்தில்தான் இசக்கியப்பனின் மகள் ராமலட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

இங்கே தளவாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இசக்கியப்பனின் மனைவி பிச்சம்மாளுக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். மேலத் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். இந்தக் கண்ணாடி வருவதற்கு முன்பே அவன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது படம் எடுத்தது இசக்கியப்பன்தான். கோபூசைக்கு வந்த பசுவை, கொம்பு மஞ்சளோடும் நெற்றிப் பொட்டோடும், ஒரு முடி தப்பாமல் எடுத்தவர், அந்தப் படங்கள் அத்தனையிலும் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற தளவாயின் தலையை வெட்டிவிட்டார். "மாட்டுக்குத் தலை இருக்கு, எனக்கு இல்லையே அத்தான்" என்று அவன் கேட்டான். "மாடு அசையாம நின்னுச்சு மாப்ளே, நீ நிக்கலயே" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் இவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு தளவாய் அக்காள் வீட்டுப் பக்கம் வருவதை விட்டான், அக்காள் போனாலும் கடைக்குள்ளே மோட்டாரை ஓடவிட்டுக் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டான்.

தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வராமல் எங்கள் பக்கத்தில் பெண் மணையில் உட்கார மாட்டாள். ஆனால் இசக்கியப்பன் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "அவன் நல்ல கோவத்துலதான் இருக்கான், ஒரு குறையும் இல்ல. கண்டிப்பா விழுவான்" என்று சொல்லிக்கொண்டு, மேடையில் அவன் விழுவதற்கு எந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாலையை நாமே ஸ்டாண்டில் தொங்கவிட்டால் படத்தில் அவன் கைக்குச் சரியாக வரும் என்றும் கணக்குப் போட்டார்.

பிச்சம்மாள் அதுவரை பேசாமல் இருந்தவள். புருஷன் வெளியே போயிருக்கும் நேரங்களில் அவள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அடுத்த வீட்டு ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டிருப்பது எங்களில் பலருக்குத் தெரியும். தளவாய் ஊரில் பாதிப் பேரோடு முறைத்துக்கொண்டவன், ஆகையால் பாதி ஆல்பங்களில் இருந்தான். தம்பிக்கு முன்மயிர் நரைத்ததையும், பனியன் தோளில் தொளதொளவென்று ஆனதையும், கட்டை விரலில் கட்டுப் போட்டிருந்ததையும் அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

அன்றைக்கு அவள் ஒரு ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"படத்துல பாக்கதுக்கா அவன் எங்கூடப் பொறந்தான்? எம்மவ கல்யாணத்துக்கு இந்தக் கண்ணாடி ஆவாது. நல்ல கண்ணாடி வாங்கிட்டு வாங்க. அவன் வரலன்னா அவன் நிக்க வேண்டிய எடம் வெறும் எடமா விழட்டும், நான் பாத்து அழுதுக்கிடுதேன். பொய்ய பிரேம் போட்டு மாட்ட எனக்கு ஏலாது."

இசக்கியப்பன் திருநெல்வேலியில் பெரிய கேமரா கடைக்குப் போனார். கடைக்காரர் பிளாட்பாரச் சரக்கு ஒன்றையும் நல்ல சரக்கு ஒன்றையும் மேஜைமேல் வைத்து, மேலே எரிந்த டியூப்லைட்டை இரண்டிலும் பார்க்கச் சொன்னார். மலிவுக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் டியூப்லைட் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. நல்லதில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. இவர் தன் கண்ணாடியில் சொந்தக்காரர்கள் விழுகிற கதையைச் சொன்னார். கடைக்காரர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

"அப்படித்தான் சார். மலிவுக் கண்ணாடிக்குக் கோட்டிங் கெடையாது. வெளிச்சம் லென்சுல முட்டித் திரும்பி, இதுல வந்து மறுபடியும் முட்டி, இல்லாத எடத்துல ஒண்ண விழவச்சிரும். சிலருக்கு விளக்கு ரெண்டா விழும், சிலருக்கு வேட்டி மஞ்சளா விழும், ஒங்களுக்கு ஆளு விழுது. நல்லதுல அதெல்லாம் வராது. இருக்கதுதான் வரும்."

"இல்லாதது வரவே வராதா?" என்று இசக்கியப்பன் ஏக்கத்தோடு கேட்டார்.

"அதுக்குத்தான் சார் இந்த வெல" என்றார் கடைக்காரர். விலையைக் கேட்டதும் இசக்கியப்பன் உட்கார ஒரு நாற்காலி கேட்டார். ஆனாலும் வாங்கினார், வெறுங்கையோடு வீட்டுக்குப் போக அவருக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றப் பார்த்தால் அது அசையவில்லை. மலிவு அலுமினிய வளையம், லென்சின் மரையைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. துணியைச் சுற்றித் திருகினார், ரப்பர் பேண்டு மாட்டித் திருகினார், பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினார். மாசானம் அகப்பை பிடித்த கையால் திருகினார், இஸ்திரிக்காரர் திருகினார், சைக்கிள் கடைக்காரர் ஸ்பானரோடு வந்தபோது இசக்கியப்பன் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டார். கழற்ற வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: இறுகிப்போன மரையைக் கீறல் விழாமல் எடுக்க ஊரில் ஒரு கைதான் உண்டு, மேலத் தெருக் கை.

"பாத்தியா பிச்சம்மா, கழறமாட்டேங்குது. நாம என்ன செய்ய முடியும்? தலையெழுத்து" என்றார் இசக்கியப்பன். சொன்ன வாய் சோகமாக இருந்தது, முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி இருந்தது, அதைப் பிச்சம்மாள் பார்த்துவிட்டாள். அவள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்தாள். நடுவில் கேமராவையும் வைத்தாள்.

"கெளம்புங்க. ரெண்டையும் ஒரே நடையில முடிச்சிருவோம்."

தளவாய் கடையில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். சுவரில் ஆணியில் புதுப் பட்டுச் சட்டை ஒன்று தொங்கியது, கல்யாணத்தன்று கோபமாக வீட்டில் இருப்பதற்கென்றே தைத்தது. இவர்களைப் பார்த்ததும் மோட்டாரை ஓடவிடத் தேடினான், ஆனால் அது பிரிந்து கிடந்தது.

"பத்திரிகையெல்லாம் எதுக்கு அத்தான்? நான் படத்துல வந்துருவேன். கோவத்துக்கு ஒரு பங்கமும் வராமப் பாத்துக்கிடுதேன். நீங்க நல்ல எடமா விட்டு வைங்க."

இசக்கியப்பன் கேமராவை நீட்டினார். "இந்த வளையம் சிக்கிக்கிட்டு. நீதான் கழட்டணும். வேற கண்ணாடி வாங்கியாச்சு. அதுல இருக்கவன்தான் விழுவான்."

தளவாய் கேமராவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். தன் இடத்தைத் தன் கையாலேயே கழற்றச் சொல்லுகிறார்கள் என்று அவனுக்கு விளங்கியது.

"இதக் கழட்டுனா நான் எப்படி விழுவேன்?"

"மண்டபத்துக்கு வந்தா விழுவ."

"வந்தா என் கோவம் என்னாவும்? ஊரு சிரிக்காதா?"

"கோவத்தோடயே வாயேன். கோவமா மாலையப் போடு, கோவமாச் சாப்பிடு. ஒன்ன எவன் கேக்கான்?"

தளவாய் கேமராவைத் தொடவில்லை. இசக்கியப்பன் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிரிந்து கிடந்த மோட்டாரைப் பார்த்தார். ஆயிரம் பேரை நேராக நில்லுங்கள் என்று அதட்டிய மனுஷனுக்கு நேராக நிற்க வரவில்லை.

"மாட்டப் பாத்தேன். ஒன்னப் பாக்கல. அது தப்பு. அதுக்குமேல நாலு பேரு முன்னால சொன்னேன் பாரு, அது ரொம்பத் தப்பு" என்றார்.

அப்போதும் அவன் அசையாமல் இருந்ததால் பிச்சம்மாள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் கட்டை விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் காயம் ஆறிட்டா? மண்டிக்காரன் வீட்டு ஆல்பத்துலதான் பாத்தேன். என்ன ஏதுன்னு யார்ட்ட கேக்க? ஆல்பத்தக் கேட்டா சொல்லுமா?" என்றாள். அவளுக்கு அழுகை வந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

தளவாய் கையை விடுவித்துக்கொண்டு, கிழிந்த மோட்டார் பெல்ட்டிலிருந்து ஒரு துண்டை அறுத்து வளையத்தைச் சுற்றிப் பிடித்து, மூச்சை அடக்கி, மிக மெதுவாகத் திருகினான். கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது. வளையம் கையோடு வந்தது, லென்சில் ஒரு கீறல் இல்லை, ஆனால் அந்த நெருக்கத்தில் கண்ணாடி இரண்டாகப் பிளந்துவிட்டது. இரண்டு துண்டுகளையும் பழைய செம்புக் கம்பிக் கூடையில் போட்டான்.

"கோவம் அப்படியேதான் இருக்கு. இப்பமே சொல்லிட்டேன்" என்றான்.

"இருக்கட்டும்டே" என்றாள் பிச்சம்மாள்.

கல்யாணத்தன்று இசக்கியப்பன் வேறு எவனையும் நம்பாமல் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ரிமோட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, ஐயர் சொன்ன மந்திரத்துக்கு நடுவே அமுக்கிக்கொண்டிருந்தார். போட்டோகிராபர் வீட்டுக் கல்யாணத்தில் படம் பிரமாதமாக இருக்கும் என்று ஊரில் முக்கால்வாசிப் பேர் முன்கூட்டியே அவரோடு சண்டை போட்டுவிட்டுப் பட்டும் நகையுமாய் வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். நாயனச் சத்தத்துக்கு மத்தியில்தான் அந்தச் சேதி தெருத்தெருவாக வந்தது: பழையது கழன்றுவிட்டது, மண்டபத்தில் இருப்பது நல்ல கண்ணாடி, வராதவன் விழமாட்டான். அவ்வளவுதான், பிளாஸ்டிக் நாற்காலிகள் சரிந்தன, பட்டுப்புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டும் ஊரே ஓடியது. நல்லபெருமாள் குடையால் வழி விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். கூட்டத்தைப் பார்த்த மாசானம் அண்டாவில் வெந்நீரை ஊற்றினார், பருப்பைத் தேடினார், அழுதார், ஆனால் சந்தோஷமாகத்தான் அழுதார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

மாலை போடும் நேரம் வந்தது. பெண் வாசலைப் பார்த்தாள், பிச்சம்மாள் வாசலைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தாள். தளவாய் பட்டுச் சட்டையோடு, இரண்டு கையிலும் மாலையை ஏந்திக்கொண்டு, மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு, எவரையும் பார்க்காமல் நேராக மேடைக்கு வந்தான். மாலையை மருமகள் கழுத்தில் போட்டான். கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தான். அவள் காலில் விழப் போனபோது மட்டும் அவசரமாகத் தூக்கிவிட்டு, வேறு பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்தான். அதுவரை இசக்கியப்பன் ரிமோட்டை அமுக்க மறந்துபோயிருந்தார்.

ஆகவே அந்த ஆல்பத்தில் மாலை போட்ட படம் இல்லை. கழுத்தில் மாலையோடு பெண்ணும், பக்கத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கும் தளவாயும் இருக்கிற படம் இருக்கிறது. மற்றபடி இருந்தவர்கள் இருக்கிறார்கள், இல்லாதவர்கள் இல்லை, தண்ணீர்ச் சாம்பார் தண்ணீர்ச் சாம்பாராகவே விழுந்திருக்கிறது.

எங்கள் ஊரில் இப்போது மறுபடியும் தாம்பாளத்தோடு வெயிலில் அலைந்து வீடு வீடாக அழைக்கிறோம், உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறோம், திரும்பி வரும்போது ஏசிக்கொண்டே வருகிறோம். தளவாய் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்காள் வீட்டுக்கு வந்து, கோபம் இன்னும் போகவில்லை என்று அத்தானிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறான். அது தீருகிற வரைக்கும் வந்து சொல்லத்தான் செய்வேன் என்கிறான். அது தீர்ந்துவிடாமல் பிச்சம்மாள் பார்த்துக்கொள்கிறாள்.